மழைக்கு முன் புறவாசல்



புரட்டாசி முடியப் போகிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்து நம் முகத்தில் பன்னீர் தெளித்துப் போன சாரல் நின்றுவிட்டது. குற்றாலத்துக் கூட்டமும் கலைந்துவிட்டது. நடுப்பகலில் வெயில் சுள்ளென்று காய்கிறது. சாயங்காலமானால் கிழக்கே மேகம் கூடுகிறது. சாரல் மேற்கேயிருந்து வரும் விருந்தாளி. வருவார், சிரிப்பார், போய்விடுவார். வடகிழக்குப் பருவமழை அப்படியல்ல. அது கிழக்கேயிருந்து வந்து நம் மலையில் முட்டி நின்று, கேட்ட கடனைத் திருப்பிக் கொடுப்பவன் போல் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. வானிலை இலாகாவின் கணக்குப்படி அக்டோபர் 20-ந் தேதியை ஒட்டி இந்த மழை தொடங்குவது வழக்கம். நமக்கு மிஞ்சியிருப்பது சொற்ப நாட்களே.

ஆகையால் இந்த வாரம் உங்கள் வீட்டுப் புறவாசலைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கோயில் பத்திரிகையில் கத்தரிச்செடிக்கு என்ன வேலை என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். சர்வேசுரன் ஆதாமை உண்டாக்கியபின் அவனைக் கொண்டுபோய் வைத்தது அரண்மனையிலா? ஒரு தோட்டத்தில் அல்லவா வைத்தார்! அதைப் பண்படுத்தவும் காக்கவும் அவனுக்குக் கட்டளையிட்டார் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். இது நடந்தது பாவத்துக்கு முன்னே என்பதைக் கவனியுங்கள். முள்ளும் நெற்றி வேர்வையும் பின்னால் வந்தவை. மண்ணைக் கொத்துவது தண்டனையாக வந்ததல்ல. மாசற்றிருந்த மனிதனுக்குச் சர்வேசுரன் கொடுத்த முதல் உத்தியோகம் அதுதான். "பண்படுத்தவும் காக்கவும்" என்னும் இரண்டில் முதலாவதை நாம் ஆடியிலேயே செய்துவிட்டோம். இப்போது காக்கும் காலம்.

குளிர் தேசங்களில் இந்த மாதங்களில் தோட்டக்காரர்கள் உறைபனிக்குப் பயந்து ரோஜாச் செடியின் தூரில் மண்ணைக் குவித்து மூடுவார்கள். கிழங்குகளைத் தோண்டி எடுத்து வீட்டுக்குள் வைப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. மார்கழிப் பனி நம் அவரைக்கு நல்லதே செய்யும். நமக்கு வருவது தண்ணீரும் காற்றும். ஆனால் ஆயத்தம் எல்லா தேசத்துக்கும் பொது. திருச்சபையும் காலம் மாறும் போதெல்லாம் விசுவாசிகளை ஆயத்தப்படுத்தி வந்திருக்கிறது. செப்டம்பர் 14-ந் தேதி சிலுவைத் திருநாளுக்குப் பின் வரும் புதன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாட்களும் முன்னாளில் ஒருசந்தியும் சுத்தபோசனமுமாக அனுசரிக்கப்பட்டன. விளைந்ததற்கு நன்றி சொல்லவும், வரும் காலத்துக்கு ஆசீர் கேட்கவும் அந்த நாட்கள் ஏற்பட்டன. 1969-ல் வழிபாட்டு நாட்காட்டி சீர்திருத்தப்பட்ட பின் அவற்றை எப்படி அனுசரிப்பது என்பது அந்தந்த நாட்டு ஆயர்களின் தீர்மானத்துக்கு விடப்பட்டது. இன்று நம்மில் பலருக்கு அவற்றின் ஞாபகமே இல்லை. ஒருசந்தி போனாலும் போகட்டும், மம்பட்டியாவது எடுப்போம்.

முதலாவது முருங்கை. நம் வீடுகளில் முருங்கை இல்லாத புறவாசல் அபூர்வம். அது வளர வளர உயரும். உயர உயர முறியும். சதைப்பற்றான மரமாதலால் மழைத் தண்ணீரைக் குடித்துக் கனத்து, முதல் காற்றிலேயே கிளை ஒடிந்து விழும். விழும்போது அடுத்த வீட்டு ஓட்டின் மேலோ, மின்கம்பியின் மேலோதான் விழும். நம் வீட்டின் மேல் விழுந்ததாகக் கேள்விப்படுவது குறைவு! ஐப்பசி பிறக்குமுன் ஆள் உயரத்துக்குக் கவாத்து செய்து, வெட்டுவாயில் பச்சைச் சாணியை அப்பிவிடுங்கள். தையில் புதுத் துளிர் அடித்து நிற்கும். வெட்டிய போத்துக்களைக் குப்பையில் எறியாமல், மரமில்லாத வீட்டுக்குக் கொடுங்கள்; நட்டால் பிழைக்கும். மின்கம்பியைத் தொடும் கிளையை மட்டும் நீங்கள் வெட்ட வேண்டாம், மின்வாரியத்தில் சொல்லி வெட்டச் செய்யுங்கள். மழை பிடித்தபின் தூரில் கம்பளிப்புழுக்கள் கூட்டமாக அடைந்து கிடக்கும். பிள்ளைகள் கை வைக்குமுன் அவற்றைக் கவனித்து அப்புறப்படுத்த வேண்டும்.

வாழைக்குக் காய்ந்த மட்டையை அறுத்து, தேவையற்ற பக்கக்கன்றுகளை எடுத்து, தூரில் மண் அணைத்து, குலை தள்ளிய மரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஒற்றைக் கம்பு போதாது. இரண்டு கம்புகளைக் கத்தரிபோல் கட்டி, குலை சாய்ந்திருக்கும் பக்கம் நிறுத்துங்கள். பப்பாளிக்குத் தூரில் தண்ணீர் நின்றால் ஆயுசு முடிந்தது. இரண்டு மூன்று நாள் நின்றாலே அடித்தண்டு அழுகத் தொடங்கும். மஞ்சளும் இஞ்சியும் அப்படியே. கத்தரி, மிளகாய்ச் செடிகளுக்கு மண் அணைத்து, பாத்தியை மேடாக்கி, இரண்டு பாத்திகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும்படி சால் இழுங்கள். கோடையில் தண்ணீரைக் கட்டி வைக்கப் போட்ட வரப்புகளை இப்போது வெட்டித் திறக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துபோகிறார்கள். சித்திரையில் செடியைக் காப்பாற்றிய அதே வரப்பு ஐப்பசியில் அதைக் கொன்றுவிடும்.

எருவைப் பற்றி ஒரு வார்த்தை. அடைமழைக்கு முந்தின நாள் தொழுவுரத்தை வாரி இறைத்தால், அது செடிக்குப் போகாது, வாறுகாலுக்குப் போகும். முன்கூட்டியே இட்டு மண்ணோடு கலந்து கொத்திவிட வேண்டும். சருகு மூடாக்கு நல்லதுதான். ஆனாலும் மழைக்காலத்தில் அது செடியின் தண்டைத் தொட்டுக் கிடந்தால் அழுகலும் நத்தையும் சேரும். ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கீரை விதை எறும்புத் தலை அளவு. மழையில் அடித்துக்கொண்டு போய்விடும். மேட்டுப் பாத்தியில் விதைத்து, முளைக்கும்வரை தென்னோலையால் மூடி வையுங்கள். அவரை, பீர்க்கு, புடலைப் பந்தலின் கால்களை ஒவ்வொன்றாய் அசைத்துப் பாருங்கள். அசைவதை இன்றே மாற்றுங்கள்.

அவரையைப் பற்றிச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆடியில் போட்ட நாட்டு அவரை இன்னும் பூக்கவில்லை, கொடி மட்டும் காடாய் மண்டிக் கிடக்கிறது, பிடுங்கிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிடுங்காதீர்கள். நாட்டு அவரையும் மொச்சையும் பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூக்கும் சுபாவமுள்ளவை. கார்த்திகை, மார்கழிக்குக் காத்திருக்க வேண்டும். மூன்று வருஷம் கனி கொடாத அத்திமரத்தை வெட்டிப்போடச் சொன்ன எஜமானிடம், இன்னும் ஒரு வருஷம் தவணை கொடும், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்று மன்றாடிய தோட்டக்காரனை அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தில் காண்கிறோம். அவன் சும்மா தவணை கேட்கவில்லை என்பதைப் பாருங்கள். வேலை செய்கிறேன் என்று சொல்லித் தவணை கேட்டான்.

வீட்டுத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசி வெயிலில் விதை நெற்றுகளைக் காயவைத்து, சாம்பல் கலந்து, ஈரம் படாமல் எடுத்து வைப்பதில் அவர்கள்தான் நமக்குக் குருக்கள்.

இதுவரை சொன்னது சுலபமானது. சொல்லியே ஆகவேண்டிய காரியத்துக்கு இப்போது வருகிறேன். வாறுகால் வெட்டினீர்கள், சால் இழுத்தீர்கள், பாத்தியை மேடாக்கினீர்கள். நல்லது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 500 சதுர அடி கூரையின் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அதிலிருந்து விழும் தண்ணீர் ஏறக்குறைய 460 லிட்டர். குடத்துக்கு 12 லிட்டர் என்று வைத்தால் 38 குடம். ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு சாதாரண மழை. 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென்காசியும் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு வருஷம் முழுவதும் பெய்ய வேண்டியது ஒரு நாளில் பெய்தது. அதே 500 சதுர அடிக் கூரைக்கு அன்று கணக்குப் பார்த்தால் 44,000 லிட்டர்! ஒரு சிறு வீட்டின் ஓட்டிலிருந்து இவ்வளவு. இதை நாம் நம் எல்லைக்குள் விழவிடுகிறோமா, அல்லது அடுத்த வீட்டுச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோமா?

நான் முன்பு இருந்த ஒரு பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம். அண்ணன் தம்பி இருவர். தகப்பனார் வீட்டை நடுச்சுவர் வைத்துப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் பங்கு மேடு, தம்பி பங்கு பள்ளம். ஒரு புரட்டாசியில் அண்ணன் தன் புறவாசலில் தோட்டம் போடுவதற்காக நான்கு டிராக்டர் மண் அடித்து உயர்த்தினார். நல்ல தோட்டம்தான், நானே அதன் வெண்டைக்காயைச் சாப்பிட்டிருக்கிறேன். மழை வந்தது. மேட்டுத் தண்ணீர் முழுவதும் தம்பியின் அடுக்களைக்குள் இறங்கியது. கைப்பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு, அந்தப் பெண்பிள்ளை இராத்திரி முழுவதும் தண்ணீர் இறைத்துக் கொட்டினாள். "என் நிலத்தில் நான் மண் அடிக்கக் கூடாதா சாமி?" என்று கேட்டார் அண்ணன். "அவர் நிலத்து மண்ணை நான் கேட்கவில்லை சாமி, அவர் நிலத்துத் தண்ணீரை எனக்கு ஏன் தருகிறார்?" என்று கேட்டார் தம்பி. வக்கீல் நோட்டீஸ் போனது. பதில் நோட்டீஸ் வந்தது. இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்கு வந்தார்கள். ஒருவர் வலது வாசல் வழியாகவும் மற்றவர் இடது வாசல் வழியாகவும்.

மூன்றாம் வருஷம் மழைக்கு முன் நான் அந்த வீட்டுக்குப் போனேன். நியாயம் பேசப் போகவில்லை, வாட்டத்தைப் பார்க்கப் போனேன். இருவரையும் புறவாசலுக்குக் கூப்பிட்டபோது, அவர்கள் தாயார் திண்ணையிலிருந்து எழுந்து வந்து, "ரெண்டு பேரையும் நான் ஒரே அண்டாத் தண்ணியிலதான் குளிப்பாட்டி விட்டேன் சாமி. அப்ப யாரும் இது என் தண்ணி, அது உன் தண்ணின்னு சொல்லல" என்றார்கள். அதற்குமேல் நான் என்ன பிரசங்கம் செய்ய? காரியம் முடிந்தது எப்படியென்றால், சுவரோரமாக ஒரு வாறுகால், அதன் கடைசியில் அண்ணன் எல்லைக்குள்ளேயே ஒரு உறிஞ்சுகுழி, மிஞ்சிய தண்ணீர் தெரு ஓடைக்குப் போக ஒரு குழாய். இரண்டு ஆள், ஒன்றரை நாள் வேலை. முதல் நோட்டீஸுக்கு ஆன செலவைவிடக் குறைவு.

பிரியமானவர்களே, சர்வேசுரன் நீதிமான்கள் மேலும் அநீதர் மேலும் ஒன்றுபோல் மழை பெய்யப் பண்ணுகிறார் என்று நமது ஆண்டவர் மலையில் உபதேசித்தார். பகைவனையும் சிநேகிக்க வேண்டும் என்பதற்கு மழையையே அவர் அத்தாட்சியாகக் காட்டினார். மழைக்கு நடுச்சுவர் தெரியாது. ஒரே மேகம் இரண்டு வீட்டுக்கும் பெய்கிறது. பரலோகத்திலிருந்து ஆசீர்வாதமாக இறங்கியதை அடுத்த வீட்டானுக்குச் சாபமாக மாற்றி அனுப்புவது நாம்தான். காணிக்கையோடு பீடத்தண்டை நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்றும் அதே மலையில்தான் கற்பித்தார். உன் மனதில் அவன்மேல் தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை; அவன் மனதில் உன்மேல் இருந்தால் என்றார். ஆதலால் "எனக்கு யார்மேலும் வருத்தமில்லை சாமி" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. உங்கள் தண்ணீர் அவர் வீட்டுக்குள் போகிறவரை, வருத்தம் உங்களுக்கு இராது, அவருக்குத்தான் இருக்கும்.

தோட்டக்காரர்களுக்குப் பாதுகாவலராக வணங்கப்படும் அர்ச். பியாக்கர் என்பவரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து பிரான்சு தேசத்துக்கு வந்த தபோதனர். திருநாள் ஆகஸ்டு 30. ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் காய்கறி கொடுக்க நிலம் வேண்டுமென்று மோ நகரத்து ஆயரிடம் கேட்டாராம். ஒரு பகலில் எவ்வளவு நிலத்தைச் சுற்றி நீ வாய்க்கால் வெட்டுவாயோ அவ்வளவும் உனக்கு என்று ஆயர் சொன்னார். பியாக்கர் கோலைத் தரையில் இழுத்துக்கொண்டு நடக்க, மண் தானாகப் பிளந்து வாய்க்காலாயிற்று என்பது ஐதீகம். அதைப் பார்த்த ஒரு ஸ்திரீ, இவன் சூனியக்காரன் என்று ஆயரிடம் ஓடிப்போய்க் கோள் சொன்னாள் என்றும் அதே ஐதீகம் சொல்கிறது. அர்ச்சிஷ்டவர் வெட்டிய வாய்க்காலுக்கே புகார் வந்தது என்றால், நம் வாய்க்காலுக்கு வராதா? புகார் வந்தால் கோபப்படாமல் போய்ப் பாருங்கள். அவர் சொல்வது மெய்யாகவும் இருக்கலாம்.

வேலிக்கு வருகிறேன். மழை பெய்து மண் இளகினதும் வேலி நடுவது நம் வழக்கம். கிளுவைப் போத்தும் பூவரசம் போத்தும் அப்போதுதான் வேர் பிடிக்கும். அந்த ஈரமண்ணில் நம் மனச்சாட்சியும் கொஞ்சம் இளகிவிடுகிறது! போன வருஷத்து வேலிக்கு அரையடி வெளியே இந்த வருஷத்து வேலி; அடுத்த வருஷம் இன்னும் அரையடி. ஆக்காப் அரசனின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். நாபோத்தின் திராட்சத் தோட்டத்தை அவன் ஏன் கேட்டான்? கோட்டை கட்டவா? இல்லை. அது தன் அரண்மனைக்குப் பக்கத்தில் இருப்பதால் காய்கறித் தோட்டம் போட! கீரைப் பாத்திக்கு ஆசைப்பட்டவன் சாப்பிடாமல் கட்டிலில் முகத்தைத் திருப்பிப் படுத்தான். அவன் மனைவி ஜெசபேல் பொய்ச்சாட்சி வைத்து நாபோத்தைக் கல்லெறிந்து கொல்லச் செய்தாள். ஒரு கொலைக்கும் ஓர் அரசவம்சத்தின் அழிவுக்கும் விதை, அடுத்த வீட்டு மண்ணில் நாம் கீரை போட்டால் நன்றாயிருக்குமே என்ற எண்ணம். அயலானுடைய எல்லைக்கல்லை நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன் என்பது மோயீசனின் நியாயப்பிரமாணம். நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு குத்துக்கல் நிற்கிறது. அதை நட்டவர் யார், எதற்காக நட்டார் என்று கதை கட்ட நான் வரவில்லை. ஆனாலும் நட்ட கல்லைப் பெயராக வைத்துக்கொண்டிருக்கும் ஊரார், நட்ட இடத்தில் கல்லை நிற்கவிட வேண்டும் அல்லவா?

அன்றியும் அதே நியாயப்பிரமாணத்தில் இரண்டு சிறு கட்டளைகள் உண்டு. புது வீடு கட்டினால் மெத்தையிலிருந்து யாரும் விழாதபடி கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும். வைக்காமல் யாராவது விழுந்தால் இரத்தப்பழி வீட்டுக்காரன் மேல். குழியைத் தோண்டி மூடாமல் விட்டு, அதில் அடுத்தவன் மாடோ கழுதையோ விழுந்தால் தோண்டினவன் ஈடு கொடுக்க வேண்டும். "நான் தள்ளிவிடவில்லையே" என்ற சாக்கு அங்கே செல்லாது. இன்றைக்கு நம் புறவாசலில் திறந்து கிடக்கும் குழிகள் எவை? தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், உடைந்த பானை, பூந்தொட்டியின் அடித்தட்டு. டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒருநாள், சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் புறப்படுமுன் புறவாசலை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். உங்கள் சிரட்டையில் பிறந்த கொசு உங்கள் பிள்ளையைத்தான் கடிக்கும் என்று கணக்கில்லை.

மழைநீர் சேகரிப்பு 2003-ல் நம் மாநிலத்தில் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது போட்ட குழாய்கள் பல வீடுகளில் இன்னும் சுவரில் தொங்குகின்றன. குழியில் மட்டும் மண் நிறைந்து கிடக்கிறது. அந்தக் குழியைத் தூர்வாரி, பழைய மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள். அடுத்த வீட்டுக்குப் போகும் தண்ணீரைத் தடுக்க அதைவிடச் சிறந்த இடமில்லை. சித்திரையில் உங்கள் கிணறே உங்களுக்கு நன்றி சொல்லும்.

வேலை செய்யும் ஆவேசத்தில் புறவாசல் முழுவதையும் மொட்டையடித்துவிடவும் வேண்டாம். அர்ச். பிரான்சீஸ்கு அசிசியார் தம் மடத்துத் தோட்டத்தில் ஒரு பாகத்தைக் கொத்தாமல், காட்டுப் பூவும் பச்சிலையும் தாமாக வளரும்படி விட்டுவைக்கச் சொன்னார். 2025-ல் காலமான பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய 'லவுதாத்தோ சி' நிருபத்திலும் இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். நமக்கும் ஒரு மூலை இருக்கட்டும். மழை விழுந்ததும் தும்பையும் கீழாநெல்லியும் தூதுவளையும் அங்கே தாமாக முளைக்கும். வீட்டை ஒட்டின மூலையாக மட்டும் அது இருக்கக்கூடாது; பொந்தில் தண்ணீர் ஏறினால் பாம்பு உலர்ந்த இடம் தேடி வரும். விறகு அடுக்கையும் சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

தோட்டமே இல்லாதவர்களும் நம் பங்கில் உண்டு. வாடகை வீட்டில், ஒரு சிமெண்டு முற்றத்தோடு இருப்பவர்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சர்வேசுரன் இஸ்ராயேலருக்குக் கட்டளையிட்டார். நம் மதிலுக்கு மேல் ஒரு கட்டு முருங்கைக்கீரை நீட்டுவதற்கு அவ்வளவு பெரிய கட்டளையும் வேண்டியதில்லை.

கடைசியாக, நமக்கெல்லாம் பொதுவான ஒரு தோட்டத்தைப் பற்றி. நம் பாஷையில் அதற்குக் கல்லறைத் தோட்டம் என்று பெயர் வைத்தவர் யாரோ, சுவிசேஷம் படித்தவர். ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்ட இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது, அதில் ஒரு புதுக் கல்லறை இருந்தது என்று அர்ச். அருளப்பர் எழுதுகிறார். உயிர்த்தெழுந்த சேசுநாதரை முதலில் கண்ட மரிய மதலேனம்மாள் அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள். அவள் கண்ணீரில் அப்படித் தெரிந்தது. ஆனாலும் அவள் எண்ணினது முற்றும் பிசகல்ல என்று வேதபாரகர்கள் பலர் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஆதாம் கெடுத்துவிட்டுப் போன தோட்டத்துக்குத் திரும்பி வந்து நிற்கும் தோட்டக்காரர் அவரே.

நவம்பர் 2-ந் தேதி உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களின் திருநாள். அன்று எல்லாரும் மெழுகுதிரியும் பூவும் கொண்டு வருவீர்கள். அதற்குள் மழை பிடித்துவிடும். நம் கல்லறைத் தோட்டத்தின் கீழ்க்கோடியில் தண்ணீர் நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியும். அங்கே பெரும்பாலும் சிறு பிள்ளைகளின் கல்லறைகள். தாய் தகப்பன் தண்ணீரில் நின்றுகொண்டு செபம் சொல்லும்படி இந்த வருஷமும் விடக்கூடாது. அந்தத் தண்ணீரைப் பக்கத்து வயலுக்குள் திறந்துவிடவும் கூடாது. வயல்காரர் நம் வேதத்தவர் அல்ல, ஆகையால் இன்னும் அதிகக் கவனமாயிருக்க வேண்டும். நம் மதிலுக்குள்ளேயே மேல்புறமிருந்து ஒரு வாறுகாலும், வேம்படியில் ஒரு குழியும் வெட்டுவதாக உத்தேசம். திருநாளுக்கு இரண்டு வாரம் முந்தின சனிக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும் ஆரம்பிப்போம். மம்பட்டி, கடப்பாரை உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். மற்றவர்களுக்குக் கடகப்பெட்டி போதும். போன வருஷத்துப் பிளாஸ்டிக் பூக்களையும் தண்ணீர் தேங்கும் கிண்ணங்களையும் பொறுக்கி எடுக்கப் பிள்ளைகள் வரட்டும். கடுங்காப்பியும் அவித்த கிழங்கும் பங்கு வீட்டில் தயாராயிருக்கும்.

அடுத்த வீட்டாரோடு பேச்சில்லாதவர்கள் யாராவது இருந்தால், வரும்போது அவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு வாருங்கள். ஒரு மம்பட்டிக்கு வெட்டுகிறவர் ஒருவரும் மண் சுமக்கிறவர் ஒருவரும் தேவைப்படும்.

உங்கள் பங்குச் சுவாமி